அரைப் பைசா யார் பக்கம்?

கணக்கு நடுநிலையானது என்றொரு நம்பிக்கை நமக்குள் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. கூட்டல் தப்பினால் கூட்டியவர் தப்பு, இல்லாவிட்டால் மெஷின் தப்பு. 1994இல் பென்டியம் சில்லு வகுத்தலில் தப்பியது உண்மைதான். ஆனால் அது அபூர்வம். ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் தப்பாகவும் வருகிற கணக்குக்குள் பெரும்பாலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. விதிக்குள் ஒரு தரப்பும்.

1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா ரூபாய் 100 நயா பைசா ரூபாயாக மாறியது. ஓர் அணா என்பது 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே 1955ஆம் ஆண்டின் நாணயத் திருத்தச் சட்டம் வழி சொன்னது: பக்கத்து முழுப் பைசாவுக்குக் கொண்டுபோ, சரிபாதியில் நின்றால் கீழே இறக்கு. ஆக, 3 அணா 19 பைசா. 2 அணா 12 பைசா. 4, 8, 12 அணாவில் மட்டும் பிசிறே இல்லை.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையின் கூலிப் புத்தகத்தில் இந்த விதியை வைத்துப் பார்ப்போம். நாட்கூலி ஒரு ரூபாய் ஆறணா என்று கொள்வோம். ஆறு நாளைக் கூட்டிய பிறகு மாற்றினால் 8.25 ரூபாய். தினமும் மாற்றி விட்டுக் கூட்டினால் 1.37 வீதம் 8.22. மூணு பைசாதானே? நூறு பேர், 52 வாரம்: 156 ரூபாய். ஓர் ஆளின் ஏறக்குறைய பத்தொன்பது வாரக் கூலி! யாரும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படி. கூலி ஒரு ரூபாய் ஏழணா என்றால் லாபம் தொழிலாளிக்கு. ஒரு ரூபாய் நாலணா என்றால் வித்தியாசமே இல்லை. அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. ஆனால் சரிபாதி மட்டும் எப்போதும் கொடுப்பவர் பக்கமே சாய்கிறது. கடையில் கொடுப்பவர் தொழிலாளி. சம்பள நாளில் முதலாளி.

கூலிப் புத்தகங்கள் தரவுத்தளங்களாகிவிட்ட காலத்தில் இது தலைகீழாகத் திரும்பி வருகிறது. கணினி இரண்டிரண்டாகப் பிளந்து எண்ணுவது. அரை, கால், அரைக்கால், வீசம் என்ற நம் வாய்ப்பாட்டுப் பின்னங்களை அது பிசகாமல் வைத்துக்கொள்ளும். வீசம்தானே அணா! பத்துப் பைசாவைத்தான் அதற்கு முழுசாக எழுதத் தெரியாது. பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாகப் போட்டு வைத்தால், 0.1ஐப் பத்து முறை கூட்டி ஒன்றா என்று கேட்டால் இல்லை என்கிறது, 0.25ஐ நான்கு முறை கூட்டினால் ஆமாம் என்கிறது.

மருந்து எளிது. பணத்தை முழுப் பைசாவாகவோ தசம வகையிலோ வை. ஒரே ஒரு முறை, கடைசியில் முழுமையாக்கு. சந்தேகம் வந்தால் இரண்டு வழியிலும் கூட்டி, எந்த வரிகள் பிசகுகின்றன என்று பார். ஆனால் பாதி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்யாது. அது கூலி பேசும் மேசையில், கூலி வாங்குபவர் கண் முன்னால் எழுதப்பட வேண்டிய ஷரத்து.