தலைகீழ் நிலையும் கற்போர் அச்சமும்: கம்ப ஆட்ட மரபுகளின் பயிற்றுமுறை வரலாறு

நட்டு நிறுத்திய கம்பத்தைப் பற்றி ஏறி, கால் மேலாகவும் தலை கீழாகவும் உடலை நிறுத்தும் ஆட்டம் ஒரே நாட்டுக்கு உரியதன்று. சீனத்தின் கம்பக் கூத்து, மராட்டியத்தின் மல்லகம்பம், அண்மைக் காலத்தில் மேலைநாட்டு நகரங்களில் உடற்பயிற்சி வகுப்பாக உருமாறிய ‘போல் டான்ஸ்’ எனப்படும் கம்ப நடனம் ஆகியவை தத்தம் சூழலில் வளர்ந்தவை. கம்ப நடனம் பயில்வோருள் பலர், ஏறவும் சுழலவும் தேர்ந்த பின்னரும், தலைகீழாகத் திரும்பும் நிலையில் தடைப்பட்டு நிற்கின்றனர். இத்தடையை உடல்வலுக் குறைவு என ஒரு சாராரும், மனஅச்சம் என மற்றொரு சாராரும் கொள்வர். பயிற்றுமுறைகளின் வரலாற்றை நோக்கும்போது இப்பகுப்பு நிலைபெறுவதாகத் தெரியவில்லை. உடலுக்கு உறுதியான பிடி இன்னும் அமையவில்லை என்பதன் அறிவிப்பாகவே அச்சம் பெரும்பாலும் எழுகிறது. பிடியை முன்னரும் உயரத்தைப் பின்னரும் கற்பித்த மரபுகளில் அது வேறு வகையாகக் கையாளப்பட்டுள்ளது.

காண்போர் எழுதிய வரலாறு

கம்ப ஆட்டம் பற்றிய பழஞ்சான்றுகள் பெரும்பாலும் காண்போர் கண்வழி வந்தவை. கி.பி. 78 முதல் 139 வரை வாழ்ந்த சீன அறிஞர் சாங் ஹெங், ஹான் அரசின் மேற்குத் தலைநகரைப் பாடிய நெடும்பாட்டில், வண்டியில் நாட்டிய உயர்ந்த கம்பத்தின்மேல் சிறுவர் புரியும் வித்தைகளை விவரிக்கிறார். அச்சிறுவர் திடுமெனத் தலைகீழாகப் பாய்ந்து, குதிகாலால் கம்பத்தைக் கொளுவித் தொங்குகின்றனர். அற்று வீழ்ந்தார் போலத் தோன்றி மீண்டும் இணைந்துவிடுகின்றனர். வீழ்வது போன்ற தோற்றமே இங்கு கலையாகிறது. புலவர் பதிவு செய்வது காண்போர் நெஞ்சின் திடுக்கீட்டை. குதிகாலின் பிடியை அச்சிறுவன் எத்தனை நாளில், யாரிடம், என்ன விலை கொடுத்துக் கற்றான் என்பது அப்பாட்டின் பொருளன்று.

சங்க இலக்கியமும் இவ்வகையில் வேறுபட்டதன்று. எனினும் இரண்டு இடங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர், சுனையில் விளைந்த தேறலை நீரென மயங்கி உண்ட மயிலின் தளர்நடைக்கு, விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் ஆடுமகளை உவமையாக்குகிறார். நற்றிணை 95ஆம் பாட்டில், ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிற்றில் குரங்குக்குட்டி தொங்கி ஆடக் குறவர் சிறுவர் தாளம் கொட்டுகின்றனர். இவ்விரண்டும் கயிற்றாட்டம் பற்றியவை. கம்பத்தில் தலைகீழாகும் ஆட்டத்துக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. ஆயினும் முன்னதில் ஆடுவோளின் தளர்ச்சி புலவர் கண்ணில் படுகிறது. பின்னதில் தொழிலாகிய ஆட்டம் விளையாட்டாக மறுபிறப்பு எடுக்கிறது. காண்போர் இலக்கியத்தில் இவ்வளவு கிடைப்பதே அரிது.

பிழைப்புக்காக ஆடிய குழுக்களில் கற்றல் குடும்பத்துக்குள் நிகழ்ந்தது. தமிழகத்துக் கழைக்கூத்தாடிகளின் பிள்ளைகள் நடைபழகும் பருவத்தை அடுத்தே மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் பழக்கப்பட்டனர். இளமையில் தொடங்குவதால் அச்சம் வேரூன்றுவதில்லை என்று இதனைப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டு பாதி உண்மையே. அஞ்சும் பிள்ளைக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்னும் வினாவை அது தொடுவதில்லை. சர்க்கஸ்களில் சிறார் துன்புறுத்தப்படுவது குறித்த வழக்கில், அவர்களை அங்குப் பணியமர்த்துவதைத் தடைசெய்யுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் ஆணையிட்டதன் பின்னணி இவ்வினாவே. அச்சத்தை வெல்வதும், அச்சத்தைச் சொல்ல இயலாமல் ஆடுவதும் மேடையில் ஒன்றுபோலவே தோன்றும்.

மல்லகம்பம்: பிடியே பாடம்

பயிற்சியை மையமாகக் கொண்ட சான்றுகள் மல்லகம்ப மரபில் கிடைக்கின்றன. கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மற்போர் பற்றிய பகுதியில் மல்லர்கள் கம்பத்தில் செய்யும் பயிற்சியைக் குறிப்பிடுகிறது. அங்குக் கம்பம் காட்சிப்பொருளன்று. எதிரியின் உடலுக்கு மாற்றாக நிற்கும் துணைக்கருவி. தழுவுதல், இறுக்குதல், கொளுவுதல் ஆகிய மற்போர்ப் பிடிகளை அசையாத ஓர் உடலின்மேல் மல்லன் பழகுகிறான்.

இம்மரபு பின்னர் நலிந்து, கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் என்பவரால் புத்துயிர் பெற்றது என்பர். அறைகூவி வந்த மல்லர் இருவரை எதிர்கொள்ள வழி தேடிய அவர், மரங்களில் குரங்குகள் தாவித் தொங்குவதைக் கண்டு இக்கலையை வகுத்தார் என்பது செவிவழிக் கதை. அதன் மெய்ம்மை எவ்வாறாயினும், கற்றலைப் பற்றி அது கொண்டுள்ள கருத்து கருதத்தக்கது: குரங்கின் துணிவைப் பார்த்தன்று, அதன் பிடியைப் பார்த்தே ஆசான் கற்கிறார்.

தமிழகத்தில் இது ‘மல்லர் கம்பம்’ என வழங்குகிறது. விழுப்புரம் இதன் குறிப்பிடத்தக்க பயிற்சிக் களம். மாமல்லன் என்னும் பல்லவ மன்னனின் பெயரைக்கொண்டு, இக்கலை மாமல்லபுரத்தில் தோன்றியதாகக் கூறும் வழக்கும் உண்டு. அப்பெயர் மற்போர்த் திறனைக் காட்டுமேயன்றிக் கம்பப் பயிற்சிக்குச் சான்றாகாது. ஊர்ப்பற்றால் எழும் இத்தகைய கூற்றுகளைவிட, விழுப்புரத்தில் பிள்ளைகள் இன்று எவ்வாறு கற்கின்றனர் என்பதை முறையாகப் பதிவு செய்தல் ஆய்வுக்குப் பெரும்பயன் தரும்.

நிலைக்கம்பம் தேக்கு அல்லது நூக்க மரத்தால் ஆனது. தரைக்குமேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம். அடிச்சுற்றளவு ஏறத்தாழ 55 செ.மீ.; மேலே செல்லச் செல்ல மெலிந்து கழுத்துப் பகுதியில் 20 செ.மீ.க்கும் குறையும். உராய்வால் தோல் எரியாமலிருக்க ஆமணக்கெண்ணெய் பூசுவர். மராட்டியில் ‘அடி’ எனப்படும் தலைகீழ்ப் பற்றுதல் இதன் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. கற்பவர் தரையில் நின்றவாறே கம்பத்தைக் கையாலும் அக்குளாலும் தழுவி, இடுப்பை உயர்த்தி, இரு கால்களாலும் கம்பத்தைப் பற்றுகிறார். தலை அப்போது தரைக்கு மிக அருகில் உள்ளது. கம்ப நடன வகுப்புகளில் பல மாதம் கழித்து வரும் தலைகீழ் நிலை, மல்லகம்பத்தில் தொடக்கப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டுக்குத் துணிவின் மிகுதி காரணமன்று. அடியில் பருத்த மரம் மார்பு, அக்குள், தொடை ஆகிய பரந்த பகுதிகளால் தழுவ இடந்தருகிறது. வீழ்ந்தாலும் தொலைவு சிறிது. ஏறுதலுக்கு இணையாக இறங்குதலும் தனிப்பாடமாகப் பயிற்றப்படுகிறது. மும்பை தாதரில் 1925இல் தொடங்கிய சமர்த்த வியாயாம மந்திர் போன்ற பயிற்சிக்கூடங்களும், பரோடாவிலிருந்து த. சி. மஜும்தார் பதிப்பித்த உடற்பயிற்சிக் கலைக்களஞ்சியமும் இம்மரபு ஆசான் ஒருவரின் வாயுரையோடு நின்றுவிடாமல் பொதுக்கல்வியாக வழிசெய்தன.

எஃகுக் கம்பமும் நிமிர்ந்த தலையும்

இன்றைய கம்ப நடனம் சர்க்கஸ் கம்பம், இரவு விடுதி மேடை முதலான பல ஊற்றுகளிலிருந்து வந்தது. 1990களில் வட அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வகுப்புகளாகவும் கற்பிக்கும் ஒளிநாடாக்களாகவும் அது பரவத் தொடங்கியது. 2009இல் பன்னாட்டுக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச்சங்கம் அதற்குப் பார்வையாளர் நிலை வழங்கியது. மேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்த இக்கலைக்குப் பயிற்றுமுறை பின்னரே வகுக்கப்பட்டது.

இதன் கருவியே வேறு. எஃகுக் கம்பத்தின் விட்டம் பொதுவாக 45 மி.மீ. மல்லகம்பத்தின் அடிப்பகுதி விட்டம் இதனினும் ஏறத்தாழ நான்கு மடங்கு. மெல்லிய எஃகைத் தழுவ இயலாது. விரல்களும், முழங்கால் மடிப்பும், உள்தொடையும், இடுப்பின் பக்கமும் சிறுசிறு பரப்பில் அழுந்திப் பிடிக்கவேண்டும். பிடி குறுகும்போது தலைகீழாவது பற்றிய ஐயமும் பெருகுகிறது.

இந்நிலையின் இயக்கவியலை நோக்கினால் உடல்தடையும் மனத்தடையும் எவ்வாறு ஒன்றாகின்றன என்பது விளங்கும். தலைகீழாகும் உடல் ஊஞ்சற்பலகை போன்றது. இடுப்பு மேலெழவேண்டுமாயின் தோளும் தலையும் பின்னோக்கிச் சாய்ந்து கீழிறங்கவேண்டும். அஞ்சும் உடலோ தலையை நிமிர்த்தி, கண்ணைத் தொடுவானத்தில் நிறுத்தி, மார்பைக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்நிலையில் இடுப்பை உயர்த்தப் பெருவலிமை வேண்டும். வலிமை மிக்கோர்க்கும் அது எளிதன்று. கற்பவர் தோற்கிறார்; ‘வயிற்றுத்தசை போதவில்லை’ என்னும் தீர்ப்பு வருகிறது. பின்னர்த் தரையை உதைத்துத் துள்ளி எழ முயல்கிறார். துள்ளல் உடலை மேலே கொண்டுசெல்லுமேனும், கால் கம்பத்தைச் சேரும் கணத்தில் அதனை நிறுத்தும் ஆளுகை இராது. நழுவினால் அச்சம் மேலும் உறுதிப்படும். தசைப் பயிற்சி தேவையில்லை என்பது இதன் பொருளன்று. கையின் பிடிவலுவும், முதுகின் பக்கத்தசையும், வயிற்றுத்தசையும், இடுப்பை மடக்கும் தசையும் வலுப்பெறாமல் தரையிலிருந்து மெல்ல உயர்தல் இயலாது. ஆயின் வலுக்குறையாகத் தோன்றுவதில் ஒரு பங்கு நிமிர்ந்த தலையின் வேலை.

தேர்ந்த பயிற்றுநர் கையாளும் மாற்றுவழி இங்குச் சுட்டத்தக்கது. கற்பவர் முதலில் ஏறி, தொடைகளைக் குறுக்கிட்டுக் கம்பத்தில் அமர்கிறார். கால்பிடி உறுதியானபின் ஒரு கையை விட்டு, பின் மறுகையையும் விட்டு, மெல்லப் பின்சாய்கிறார். தலை கீழே வந்துவிடுகிறது. ஆனால் ‘திரும்பும்’ கணம் என ஒன்று நிகழவேயில்லை. அடியில் தடித்த மெத்தையும், அருகில் தோளைத் தாங்கும் ஒருவரும் உண்டு. மீண்டு எழும் வழியும் கைகளால் இறங்கும் வழியும் முன்னரே பழகப்பட்டுள்ளன. தரையில் மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சி இதற்குத் துணை. முதலில் கால்பிடி, பின்னர்த் தலைகீழ் என்னும் இவ்வொழுங்கு மல்லகம்ப ஒழுங்குக்கு அருகில் வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன்பெற்றதாகக் கொள்ளவேண்டியதில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் தன்திறன் நம்பிக்கை பற்றி வகுத்த கோட்பாடு இதனோடு ஒத்துச்செல்கிறது. செய்து முடித்த பட்டறிவு, பிறர் செய்யக் காணுதல், பிறர் ஊக்கச்சொல், தன் உடற்கிளர்ச்சியைத் தானே பொருள்கொள்ளும் விதம் என நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் கூறிய அவர், முதலாவதையே வலிமை மிக்கதாகக் கொண்டார். வகுப்புகளில் மிகுதியாகச் செலவிடப்படுவதோ மூன்றாவது. ‘உன்னால் முடியும்’ என்னும் கூவல், முடிந்ததொரு சிறுசெயலுக்கு ஈடாகாது.

ஒருமுறை கைவந்ததும் நிலைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 சூலையில் சிமோன் பைல்சு அந்தரத்தில் தம் உடலின் திசையை உணர இயலாமற்போனதால் போட்டிகளிலிருந்து விலகினார். அது தொடக்கநிலை அச்சத்தினின்று வேறானதே. எனினும் தலைகீழ் நிலையில் தயங்குவோரைக் கோழையர் எனக் கொள்ளும் பழக்கத்தை அந்நிகழ்வு பெரிதும் அசைத்தது. உயர் இரத்த அழுத்தமோ கண்நீர் அழுத்தமோ உள்ளவர்க்குத் தலைகீழ் நிலை தீங்கு விளைக்கலாம் என்பதால், சிலருடைய தயக்கம் மருத்துவ நோக்கிலும் சரியானதே.

தோலும் நாணமும்

மற்றொரு தடை உடையைச் சார்ந்தது. மல்லகம்பத்தில் எண்ணெய் பூசப்படுகிறது. கம்ப நடனத்தில் எஃகைச் சாராவி கொண்டு துடைத்து எண்ணெய்ப்பசை நீக்கப்படுகிறது. முன்னதில் தழுவும் பரப்பு பெரிது என்பதால் வழுக்கல் ஓரளவு பொறுக்கப்படும். பின்னதில் தோலும் எஃகும் நேரே ஒட்டினாலன்றிப் பிடி இல்லை. வகுப்பு நாளில் உடலில் நறுநெய்க் களிம்பு பூசுதல் விலக்கப்படுவதும் இதனாலேயே. தொடையை மூடும் துணி தலைகீழ் நிலையில் வழுக்கிவிடும். ஆகவே குற்றுடை இங்கு முதலில் பாதுகாப்புக் கருவி. இரவு விடுதிப் பின்னணியை அறிந்த சமூகம் அதனை வேறு வகையாகப் படிக்கிறது, அப்பார்வைக்கு நாணி நீள்காலுடை அணியும் பெண் நழுவுகிறார், நழுவியதால் அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தின் வேர் தசையிலும் இல்லை, மனத்திலும் இல்லை.

மல்லகம்ப வீரர் கோவணமோ சிற்றுடையோ அணிந்து அதே காரணத்துக்காகத் தோலைக் கம்பத்தில் பதிக்கின்றனர். அதனை எவரும் கேள்விக்கு உட்படுத்தியதில்லை. நிலைக்கம்பம் ஆடவர்க்கும் கயிற்று மல்லகம்பம் பெண்டிர்க்கும் எனப் பிரிந்து வந்த வழக்கத்துக்குள்ளும் இப்பார்வை பங்கு வகித்திருக்கலாம். 2019இல் மும்பையில் நடந்த முதல் உலக மல்லகம்பப் போட்டியில் பெண்களும் களமிறங்கினர்.

நாணத்தைக் கடந்தவர்க்கும் நோவு எஞ்சும். முழங்கால் மடிப்பில் உடலெடை முழுவதும் தொங்கும்போது அங்குத் தோல் கன்றி நீலம் பாய்கிறது, உள்தொடை எரிகிறது. மல்லர்களுக்கு இது பயிற்சியின் இயல்பான கூறு. ஆசானும் மூத்த மாணவரும் அதே தழும்புகளைத் தாங்கி நிற்பதால் விளக்கம் தேவைப்படுவதில்லை. நகரத்து வகுப்புக்கு வாரம் ஒருமுறை வருபவர்க்கு அத்தகைய சூழல் இல்லை. தொடர்ந்து பயிலும்போது தோல் அழுத்தத்துக்குப் பழகிச் சில வாரங்களில் இந்நோவு தணியும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லாத இடங்களில், கால் கம்பத்தைக் கொளுவிய பின்னரும் கையை விடாமல் இறுகப் பற்றித் தொங்குவோரைக் காணலாம். அவர்களுடைய பிடி அமைந்துவிட்டது. அது தாங்கும் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை.