பெட்டிக்கு எட்டாத அலைகள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் தெருக்களில் தலை நிமிர்ந்து நடப்போர், கம்பத்துக்குக் கம்பம் தாவிச் செல்லும் கறுப்பு வடங்களைக் காண்பர். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் கேபிள் வடங்கள் அவை. ஒரே வடத்தில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. ஆயினும் அவ்வடத்தைக் கணிப்பொறியில் பொருத்திய டியூனரோடு இணைத்தால், சில நிகழ்ச்சிகள் சிக்குவதேயில்லை. சிக்குபவற்றுள்ளும் பல தெரிவதில்லை. இதன் காரணத்தை அறிய, முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் அலையை அனுப்புகிறது. பல அலைகளுள் வேண்டிய ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ஏனையவற்றை ஒதுக்கும் உறுப்பே டியூனர். எந்த டியூனருக்கும் கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் உண்டு. அவ்வெல்லைகளை வகுப்பது அதைச் செய்த காலத்தின் தேவையாகும். காலம் மாறும், பெட்டியோ மாறாது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

முதலில் வானொலியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1924ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று தோன்றியது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. பின்னாளில் ஆவடியில் எழுந்த ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து அதன் குரல் நெடுந்தொலைவு சென்றது. அக்காலத்தில் மத்திய அலை மட்டும் எடுக்கும் பெட்டி விலை குறைந்தது. சிற்றலையும் எடுக்கும் பெட்டி விலை மிகுந்தது. கடல் கடந்து வந்த சிற்றலை ஒலிபரப்பு முன்னதற்கு எட்டவில்லை. 1977 ஜூலை 23ஆம் நாள், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியபோதும் இதே நிலைதான். தெளிவான இசை வானில் மிதந்தது. பழைய பெட்டிகளோ அதை அறியாமல் இருந்தன.

அடுத்தது தொலைக்காட்சி. தில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாளிலும், சென்னையில் 1975 ஆகஸ்டு 15ஆம் நாளிலும் ஒளிபரப்பு தொடங்கியது. மேற்குப் புறநகர் மக்கள் மாடியில் ஆன்டெனாவை நட்டு, நகரத்தை நோக்கித் திருப்பி வைத்தனர். சென்னையிலேயே உருவான டயனோரா, சாலிடேர் ஆகிய பெட்டிகள் வீடுகளில் இடம் பிடித்தன.

அக்காலப் பெட்டிகள் தேடிய இடங்களை ஏணிப் படிகளைப் போல எண்ணிப் பார்க்கலாம். 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை மூன்று படிகள். 174 முதல் 230 வரை எட்டுப் படிகள். இடையில் பெரியதோர் இடைவெளி. அது வெற்றிடம் அன்று. பண்பலை வானொலி, விமானங்களோடு பேசும் நிலையங்கள் போன்றவை அங்கே குடியிருந்தன. 230க்கு மேல் 470 வரையிலும் தொலைக்காட்சிக்கு வானில் இடமில்லை. எனவே பெட்டி செய்தவர்கள் அந்த இடைவெளிகளில் தேடும் ஆற்றலை டியூனருக்குக் கொடுக்கவில்லை. அன்றைய கணக்குக்கு அது சரியே.

1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியே நாட்டு மக்கள் சிலர் கண்டனர். அதையொட்டிக் கேபிள் தொழில் விரைந்து வளர்ந்தது. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி பிறந்தது. அலைவரிசைகள் பெருகவே, பழைய பதினொரு படிகள் போதவில்லை. வடத்துக்குள் ஓடும் அலை வெளியே கசியாதவரை விமானத்துக்கோ காவல்துறைக்கோ இடையூறு இல்லை. ஆகவே கேபிள்காரர்கள் வானில் விலக்கப்பட்ட இடைவெளிகளையே வடத்துக்குள் பயன்படுத்தினர். 104 முதல் 174 வரையிலும், 230 முதல் 300 வரையிலும் இருபது புதிய படிகள் கிடைத்தன. 302 முதல் 470 வரை மேலும் இருபத்தொன்று கிடைத்தன. இவ்விறுதிப் பகுதியே ஹைப்பர்பேண்டு எனப்பட்டது.

புதுப் பெட்டி வாங்க இயன்ற வீட்டில் எல்லாம் தெரிந்தன. பழைய பெட்டி வைத்திருந்த வீட்டிலோ, அதே வடம், அதே கட்டணம்; ஆயினும் பாதி தெரியவில்லை. மாற்றுக் கருவி ஒன்றை இடையில் வைத்தே அக்குறையைத் தீர்க்க முடிந்தது.

இயற்கையும் தன் பங்குக்கு ஓர் எல்லை வகுத்தது. வடத்தில் ஏற்படும் இழப்பு, டெசிபெல் கணக்கில் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 50 மெகாஹெர்ட்ஸைப் போலப் பதினாறு மடங்காகிய 800இல், இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே தெருவின் கடைக்கோடி வீட்டில் கீழ்ப்படிகள் தெளிவாகவும், மேற்படிகள் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தன. கம்பங்களில் ஆம்பிளிஃபயர் தொங்கவிடப்பட்ட காரணம் இதுவே.

பின்னர் கணிப்பொறி வந்தது. ரிச்சி தெருவில் டியூனர் அட்டை வாங்கிக் கணிப்பொறியிலேயே படம் பார்த்த மாணவர் பலர். ஆனால் அதற்குள் வடத்தில் ஓடிய அலையின் தன்மையே மாறத் தொடங்கிற்று. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டண அலைவரிசைகள் பூட்டப்பட்டு, அவற்றைக் காணச் செட்டாப் பாக்ஸ் தேவையாயிற்று. அடுத்து, 2012 அக்டோபர் 31ஐக் கெடுவாகக் கொண்டு நான்கு பெருநகரங்களிலும் கேபிள் முழுவதையும் எண்முறைக்கு மாற்ற ஆணை பிறந்தது. சென்னையில் வழக்குகளால் அது தாமதமாயிற்று.

எண்முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே படி, நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் செய்தியைச் சுமக்கும். முன்பு ஒரு நிகழ்ச்சி இருந்த இடத்தில் பத்துக்கு மேல் அமரலாயின. ஆனால் வானலைக்கெனச் செய்யப்பட்ட கணிப்பொறி டியூனர்கள் சில, 174–230, 470–862 ஆகிய பட்டைகளை மட்டுமே தேடும். நடுவிலுள்ள கேபிள் படிகள் அவற்றுக்கு எட்டா. மேலும், வானலைக்கும் கேபிளுக்கும் செய்தியைப் பொதியும் முறை வேறு. எனவே அதிர்வெண் எட்டினாலும் பொதியைப் பிரிக்கும் திறன் தனியே வேண்டும். அமெரிக்காவிலும் 864 மெகாஹெர்ட்ஸை எல்லையாகக் கொண்ட டியூனர்கள், கேபிள் 1002 வரை நீண்டபோது பின்தங்கின.

2012ஆம் ஆண்டளவில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. மலிவான டியூனர் குச்சி ஒன்றின் சில்லு, தான் பெற்ற அலையை அப்படியே கணிப்பொறிக்குத் தர வல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை அக்குச்சி தேடும். பழைய இடைவெளிகள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன!

ஆயினும் படம் தெரிந்ததா? பூட்டிய அலைவரிசை தெரியவில்லை. அலை கைக்கு வந்தது, திறவுகோல் வரவில்லை. முன்பு பெட்டியின் எல்லை தடுத்தது. இப்போது பூட்டு தடுக்கிறது. பூட்டுக்கும் நியாயம் உண்டு. சந்தாதாரர் தொகையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் கேபிள் தொழிலில் இருந்தது. அதனால் நிகழ்ச்சி அளித்தோரும் அரசும் இழப்புற்றனர். உழைப்புக்கு ஊதியம் கேட்பது தவறன்று. ஆனால் எவர்க்கும் இலவசமாக உரிய அலைவரிசையையும் தனிப் பெட்டியின்றிக் காண இயலாவிட்டால், அது முறையாகுமா?

இவ்வினா எழாமல் போகவில்லை. 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட பதினாறு நகரங்களில், தூர்தர்ஷன் எண்முறை நிகழ்ச்சிகளைப் பூட்டின்றி வானலையில் அனுப்பியது. உரிய டியூனர் உடையோர் கட்டணமின்றிக் கண்டனர். 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம், தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனரை அமைப்பதற்கான தரத்தை வெளியிட்டது.

மாணவர்களே! நாளை நீங்கள் கருவிகளைப் படைப்போராகவும், அவற்றுக்குச் சட்டம் வகுப்போராகவும் ஆவீர்கள். ஒரு கருவி தன் வேலையைச் செய்ய மறுத்தால், அதைத் தடுப்பது இயற்கையா, செய்தவரின் சிக்கனமா, சட்டத்தின் பூட்டா எனப் பகுத்துக் கேளுங்கள். முதலாவதற்கு அறிவியல் விடை தரும். இரண்டாவதற்குத் தொழில் விடை தரும். மூன்றாவதற்கு விடை தர வேண்டியவர்கள் மக்களே.