சேர்வராயன் மலையில் ஒரு நெடிய வாழ்வு: காப்பித் தோட்டப் பெண்ணும் நிலமும்



ஏற்காட்டைப் பற்றி எழுதப்பட்ட அறிமுகம் எதையேனும் எடுத்துப் பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார் என்று தொடங்கும். அவருடைய கிரேஞ்ச் பங்களா வரும். இங்கே வாழ்ந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் வருவார். பிறகு கான்வென்ட் பள்ளிகள், ஏரி, ஆர்க்கிட் தோட்டம். சுற்றிப் பார்க்கும் இடங்களில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட் என்று உட்காருவதற்கு மட்டும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நாளெல்லாம் சரிவில் நின்றபடி வேலை செய்தவர்களின் நினைவாக ஒரு பெயரும் இல்லை. காக்பர்ன் நட்டார் என்கிறார்கள். கலெக்டர் குழி தோண்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

குழி தோண்டியவர்களில், களை எடுத்தவர்களில், பழம் பறித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் கணிசமானோர் சமவெளியிலிருந்து ஏறிவந்த தலித் பெண்கள். தோட்டத்திலேயே பிறந்து, வேலை செய்து, முதுமையடைந்த அப்படி ஒரு பெண்ணின் நெடிய வாழ்வை நிலத்தோடும் சட்டத்தோடும் வைத்துப் பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை.

இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகளுக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அது. காப்பி வந்து அவர்கள் நிலத்தையும் காட்டையும் சுருக்கியது. ஆனாலும் சேர்வராயன் கோயிலும் அதன் மே மாதத் திருவிழாவும் அவர்களுடையவை. சட்டமன்றத் தொகுதியும் பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தோட்டத் தலித்துகளுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு கதை கிடையாது. அவர்களுடைய கதை மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் தொடங்குகிறது.

முன்பணத்தை ஏன் வாங்கினார்கள்? 1843இலேயே அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கடனால் கட்டப்பட்ட படியாள் முறைக்கு எந்தச் சேதமும் வரவில்லை. அப்புறம் 1876–78 பெரும்பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்கள் போக, பிழைப்பு தேடிப் போனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. களத்துமேட்டில் படி நெல்லுக்குக் கைநீட்டி நின்றவர்களுக்கு, மலையில் காசாகக் கூலி என்பது பஞ்சக்காலத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காசுக்கும் கயிறு இருந்தது. 1859இன் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம். கடனைத் திருப்பித் தராதது உரிமையியல் வழக்கு, ஆனால் கூலிக்காரன் பட்ட கடன் மட்டும் குற்றம். போதாதென்று 1903இல் தோட்ட முதலாளிகளுக்காகவே சென்னை மாகாணம் தனிச்சட்டம் போட்டது. இரண்டும் 1920களில்தான் ஒழிந்தன. இருந்தும் மலை ஏறியது ஒருவகையில் தப்பித்தலும்தான் என்று நான் கருதுகிறேன். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்த நிலத்தைவிட்டு, தன் கையால் தன் கூலியை எண்ணி வாங்கும் இடத்துக்கு அந்தப் பெண் வந்தாள். சாதி பின்னாலேயே ஏறி வந்தது என்பது அடுத்த விஷயம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கூலி வேலை’ என்ற ஒரே சொல்லில் நாமே அதை மறைத்துவிடுகிறோம். சேர்வராயனில் விளைவது அரபிகா. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைக்குப் பூத்து, நவம்பர் வாக்கில் பழுக்கத் தொடங்கிப் பிப்ரவரிவரை போகும். ஒரு செடியின் பழம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சையைக் கிள்ளிவிட்டால் வசவு. ஆகவே ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்பி வர வேண்டும். பறித்த பழத்தை இரவு தாண்டி வைத்தால் புளித்துப்போகும், அன்றைக்கே பல்பருக்குப் போயாக வேண்டும். எனவே இருட்டும் நேரத்தில் மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் நடந்து, எடைபோடும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு களை எடுப்பார்கள். காலில் அட்டை ஏறும். நாற்றுப்பைக்கு மண் நிரப்புவதும், களத்தில் காயவைத்த காப்பியைப் புரட்டுவதும், கல்லும் கறுப்பும் பொறுக்குவதும் பெண்கள்தான்.

கவாத்து செய்வதும், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் கிளையைக் கழிப்பதும், ஏணி வைத்து மிளகு பறிப்பதும் ஆண்களுக்கான வேலை. அதற்குத் ‘தொழில் தெரிந்த வேலை’ என்று பெயர். ஆயிரம் பழங்களில் பழுத்ததையும் பழுக்காததையும் விரல் நுனியால் பிரித்தெடுக்கும் வேலைக்குத் தொழில் தெரிய வேண்டாம் போலிருக்கிறது. பிள்ளைகள் உதவிக்கு வந்தால் அவர்கள் பறித்த எடையும் பெரியவர் ஒருவர் கணக்கில்தான் ஏறும். இப்படிப் பல பேர் உழைப்பு செக்ரோலில் ஒரே பெயராகிவிடும்.

சட்டம் அவளுக்கு எப்போது, எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்க, ஒரு கணக்குக்காக 1940இல் பிறந்த ஒருத்தியை வைத்துக்கொள்வோம். அவள் குழந்தையாக இருந்தபோது, 1944இல், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய டி.வி. ரெகே தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர் பாபாசாகேப் அம்பேத்கர். தோட்டங்களைப் பற்றிய ரெகே அறிக்கை 1946இல் வந்தது. அவளுக்கு 11 வயதானபோது தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 12 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, குடியிருப்பு தர வேண்டும், 50 பெண்களுக்குமேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் 25 ஏக்கரும் 30 தொழிலாளர்களும் உள்ள தோட்டத்துக்குத்தான் அது செல்லும். சிறு தோட்டங்கள் நிறைந்த சேர்வராயனில் இந்த வரம்பு எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரம்பு 5 ஹெக்டேராகவும் 15 பேராகவும் குறைந்த 1981இல் அவளுக்கு வயது 41. அவள் பிள்ளைகளுக்குக் காப்பகம் தேவைப்பட்ட காலம் முடிந்திருந்தது.

அவளது 21ஆம் வயதில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மகப்பேறு நலச் சட்டம். அன்றைய விதிப்படி 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும், பறிப்புக் காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுபவள் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. 1988இல் அது 80 நாளாகக் குறைந்தபோது அவளுக்கு 48 வயது. மற்றொன்று தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், பின்னர் 1970இல் 15 என்று வரம்பு வைத்த சட்டம் அது. 1960 ஏப்ரல் 6 அன்று இருந்த காப்பி, தேயிலை, ரப்பர், ஏலம், சின்கோனா தோட்டங்களுக்கு அதிலே முழு விலக்கு. சமவெளியில் ஏட்டளவிலாவது நிலம் பேசப்பட்டது. மலையில் பேச்சே எழவில்லை. தோட்டத்தைத் துண்டுபோட்டால் உற்பத்தி கெடும் என்பது விலக்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். பிற்பாடு அதே மலைகளில் தோட்டங்கள் ரிசார்ட்டுகளாகவும் மனைகளாகவும் துண்டானபோது உற்பத்தியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1972இல் பணிக்கொடைச் சட்டம். ஆண்டுக்கு 240 நாள், ஐந்தாண்டு தொடர்ச்சி என்பது நிபந்தனை. தற்காலிகம் என்று எழுதினால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1976இல் சம ஊதியச் சட்டம். ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிப்பே அதைச் செல்லாக் காசாக்கியது. 1989இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் சரிந்தது. இங்கே காப்பி வாரியத்தின் கொள்முதல் முறை 1990களில் படிப்படியாக விலகியது, 2001–02இல் விலை பாதாளத்துக்குப் போனது. நிரந்தரத் தொழிலாளர்களைக் குறைத்து ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் வழக்கம் வலுத்தது. அவளுக்கு 60 வயது கடந்திருந்தது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்கு நின்றால்தான் அந்த ஒற்றை அறையில் அவளுக்கு ஒரு மூலை கிடைக்கும். திருப்பூருக்குப் போக விரும்பும் பேத்தியிடம் பாட்டிகள் ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்பதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பட்டா என்று சொல்லும் நல்ல சட்டம். ஆனால் அது வனநிலத்துக்கு. தோட்டமோ தனியார் நிலம். பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததை நிறுவவும் வேண்டும். அவளுக்கு 66 வயது. தலித் என்பதால் பழங்குடிச் சட்டத்துக்கு வெளியே, தோட்டம் என்பதால் நிலச் சட்டத்துக்கு வெளியே.

இந்த இடத்தில் சமவெளியில் வாழ்ந்த இன்னொரு தலித் பெண்ணின் நெடிய வாழ்வைப் பக்கத்தில் வைக்கிறேன். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926 ஜூன் 16 அன்று, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யன்கோட்டையில் பிறந்தவர். வயல்கூலியாகத் தாய் பட்ட பாட்டைக் கண்டு வளர்ந்தவர். 1950இல் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதனை மணந்து பூதான இயக்கத்தில் இறங்கினார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்ட பிறகு இருவரும் கீழத்தஞ்சையையே களமாக்கிக்கொண்டார்கள். 1981இல் லாஃப்டி அமைப்பு. நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் சுமார் 13,000 ஏக்கரை நிலமற்றோருக்கு மாற்றினார்கள். பத்திரம் பெண்ணின் பெயரில் என்பது அதன் விதி. கூலியைக் குடித்துத் தீர்க்கலாம், நிலத்தையும் அடகு வைக்கலாம். ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் முடியாது. 1990களில் இறால் பண்ணைகள் அதே நிலத்தை உப்பாக்க வந்தபோது போராடியவர்களும் இந்தப் பெண்களே. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணம்மாளுக்கு 93 வயது.

அவருடைய வழிமுறையில் எனக்கு மாறுபாடு உண்டு. இந்த மேடையில் அதை மறைக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாக உழுத நிலத்தை உழுதவர்களே ஏன் கடன்பட்டு வாங்க வேண்டும்? 1892இல் ட்ரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே மீட்க முடியாமல் நிற்கும் சமூகத்திடம் விலை பேசச் சொல்வது எந்த நியாயம்? காந்தியம் நிலவுடைமையாளரின் மனசாட்சியை நம்பியது. அந்த மனசாட்சியை வெண்மணியில் பார்த்தோம். ஆனாலும் பத்திரத்தில் பெண்ணின் பெயர் என்ற அந்த ஒற்றை நிபந்தனையில் அவர் நம்முடைய பல இயக்கங்களைவிட முன்னே போனார். நமது பஞ்சமி மீட்புக் கோரிக்கைகளில் எத்தனையில் அந்த வரி இருக்கிறது?

மலைக்கு ஒரு ஏக்கர் கணக்கு பொருந்துமா என்று கேட்பார்கள். முதலில் மூன்று சென்ட் வீட்டுமனையிலிருந்து தொடங்கலாம். முப்பது, நாற்பது ஆண்டு ஒரு தோட்டத்தில் வேலை செய்த பெண்ணுக்கு, அவள் பெயரில், வேலையோடு ஒட்டாத மனைப்பட்டா. அதற்கு அவள் வேலை செய்தாள் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்று பழைய செக்ரோல்களில் இருக்கிறது. தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளர் மரத்தை எண்ணி வாங்குகிறார், பதிவேட்டை எண்ணி வாங்குவதில்லை. எனவே நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மடுவு பக்கம் இன்னும் இருக்கும் மூத்த பெண்களிடம் இந்தப் பறிப்புக் காலம் தொடங்குவதற்குள் போய் உட்கார வேண்டும். எந்தத் தோட்டம், எந்த மேஸ்திரி, முதல் கூலி எவ்வளவு, யார் கணக்கில் எடை ஏறியது, எந்தப் பிள்ளை பிறந்தபோது எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினாய் அம்மா என்று கேட்டு, தேதியோடு எழுதி, அவர்கள் முன்பாகவே படித்துக் காட்டிக் கைநாட்டோ கையெழுத்தோ வாங்க வேண்டும். போகும்போது குடும்ப அட்டையையும் வாங்கிப் பாருங்கள். முகவரி இருக்கும் இடத்தில் பலருக்கு இன்னமும் எஸ்டேட்டின் பெயர்தான் இருக்கிறது.