புலமைப்பரிசிலும் பல்கலைக்கழகக் கோரிக்கையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிலே பல்கலைக்கழகம் இருக்கவில்லை. பட்டக்கல்வியை நாடியோர் பலர் கடல் கடக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் போட்டியடிப்படையில் வழங்கிய ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் மிகச் சிலருக்கே அவ்வாயிலைத் திறந்தது. 1870இல் அதனைப் பெற்றவர் கொழும்பு அக்கடமி மாணவரான பொன்னம்பலம் அருணாசலம்.

கேம்பிறிட்ஜிலே கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்ற அவர், 1875இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார். ஆயினும், ஒரு சிலருக்குக் கிட்டும் வாய்ப்பு நாட்டின் தேவையை நிறைவு செய்யாதன்றோ? 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவி, நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென வாதாடினார்.

1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1924இல் மறைந்த அருணாசலம் அதனைக் காணவில்லை. புலமைப்பரிசிலின் பயனை நுகர்ந்தவரே அதன் போதாமையையும் எடுத்துரைத்தமை எமது கல்வி வரலாற்றிலே கருதத்தக்கதாகும்.