கொத்தும் களமும்: சேர்வராயன் மலையின் உழைப்பு வரலாறு

சேர்வராயன் மலையின் பழைய குடிவாழ்க்கை சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்ற மூன்று நாடுகளாக அமைந்தது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோரான அண்ணன் தம்பிமார் காஞ்சியிலிருந்து வந்ததாகக் கதை சொல்வார்கள். அந்த நாடுகளில் மக்கள் என்ன விதைத்தார்கள், எதை இடித்துச் சமைத்தார்கள், எந்தக் கருவியைக் கையில் பிடித்தார்கள் என்பதே இங்கு பொருள். மலையின் வரலாற்றைக் காப்பிச் செடியிலிருந்து தொடங்கும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. காப்பி வந்தபோது இங்கே உழவும் ஊரும் வழிபாடும் நிலைபெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது.

மலையாளிகளின் நிலம் இருவகை. சரிவு குறைந்த இடம் உழவுக்காடு. அங்கே ஏர் ஓடும். ஏர் நிற்காத செங்குத்தான சரிவு கொத்துக்காடு. அங்கே கையாலேயே கொத்தி விதைக்க வேண்டும். கோடைமழை விழுந்ததும் மண்ணைக் கிளறி, சாமை, கேழ்வரகு, தினை, அவரை, துவரை என்று கலந்து விதைப்பார்கள். ஒன்று பொய்த்தால் இன்னொன்று காப்பாற்றும் என்ற கணக்கு அதில் இருந்தது. நாற்கவிராச நம்பி இயற்றிய நம்பியகப்பொருள் குறிஞ்சிக்கு உரிய கருப்பொருளாகச் சொல்லும் தினையும், தேனெடுத்தலும், கிழங்கு அகழ்தலும் இம்மலையில் ஏட்டோடு நிற்கவில்லை; அன்றாடப் பிழைப்பாகவே நடந்தன.

இவற்றுள் சாமையே தலையாய உணவு. அதை விளைவிப்பதைவிட அரிசியாக்குவது பெரும்பாடு. கதிரைக் களத்தில் போட்டு மாடுகட்டி மிதிக்க விட்டபின், உமி தானியத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். காயவைத்து, திரிகையில் இட்டு அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். விடியுமுன் ஒரு வீட்டில் உலக்கை விழத் தொடங்கினால் அடுத்தடுத்த வீடுகளிலும் விழும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை கையுழைப்பைப் பெண்கள் தந்தார்கள் என்பதை எந்த வருவாய்க் கணக்கும் எழுதவில்லை. வீடு மூங்கில் தட்டியில் மண் பூசிப் புல் வேய்ந்தது. ஈரமும் எலியும் அண்டாதபடி தானியத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூட்டில் சேமித்தார்கள். மாட்டுப் பொங்கலில், களத்தில் கதிர் மிதித்த மாடுகளை ஆடவிட்டு மகிழ்ந்த எருதாட்டத்தை எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குடிகளைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலில் குறித்திருக்கிறார்.

இந்த உழைப்பின் தொன்மைக்குச் சான்று கோயில்களிலேயே கிடைத்தது. நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், பிற்காலத்தில் இம்மலையிலுள்ள ஏற்காட்டில் வாழ்ந்தார். வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கைக்கோடரிகள் சேர்வராயன் மலைச் சிறு கோயில்களிலும் பிள்ளையார் சன்னதிகளிலும் வைத்து வணங்கப்பட்டதை அவர் காலத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். கொத்தும்போது மண்ணிலிருந்து வெளிப்பட்ட அந்தக் கல்லை உழவன் எறிந்துவிடவில்லை. தெய்வத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். முன்னோர் காட்டைத் திருத்திய கருவி சந்ததியாரின் பூசைக்கு உரியதாயிற்று. உழைப்பையும் வழிபாட்டையும் இவ்வளவு நெருக்கமாக இணைத்த சமூகம் போற்றுதலுக்கு உரியது. சேர்வராயனையும் காவேரியம்மனையும் குகையில் வழிபடும் பக்தியையும் இந்த மரபோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியையும் மேலைநாட்டுப் பழமரங்களையும் இங்கே பயிரிட்டார். அடுத்த தலைமுறைகளில் தோட்டங்கள் பெருகின. ஏற்காட்டில் வாழ்ந்த மருத்துவர் ஜான் ஷார்ட், தென்னிந்தியக் காப்பிப் பயிருக்கென ஒரு கையேட்டை 1864-இலேயே எழுதினார். 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அங்கே காப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. சேர்வராயன் மலை காப்பியைக் கைவிடவில்லை.

காப்பித் தோட்டத்தின் ஆண்டு வேறு ஒழுங்கில் ஓடியது. மழைக்காலத்தில் நடவு, பிறகு களையெடுப்பு, நிழல்மரக் கிளை கழித்தல், கவாத்து. குளிர்காலத்தில் பழம் சிவந்ததும் மலையாளிகளும் சமவெளியிலிருந்து ஏறிவந்த கூலியாட்களும் வரிசை பிடித்து நின்று பறிப்பார்கள். இடுப்பில் கூடை, பனியில் நனைந்த கை, காய் கலந்தால் மேஸ்திரியின் அதட்டல். மாலையில் அளந்து செக்ரோல் என்ற பதிவேட்டில் பெயர் பதிவார்கள். பழம் அன்றே பல்பர் எந்திரத்தில் தோல் நீங்க வேண்டும். தாமதித்தால் புளித்துக் கெடும். தொட்டியில் ஊறி வழவழப்பு நீங்கியதும் கழுவிக் களத்தில் பரப்பி, நாள் முழுதும் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். மேகம் கருத்தால் எல்லோரும் ஓடி அள்ள வேண்டும். ஏறத்தாழ 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ காப்பிக்கொட்டைதான் கிடைக்கும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு தோட்ட வேலையை விட்டுப் போனவரைத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தந்தது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல்தான் வந்தது. தோட்டமும் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் சேர்ந்து கொத்துக்காட்டின் எல்லையைச் சுருக்கின. சாமைக் கூடு காலியாக, சந்தை அரிசியும் வாரக்கூலியும் அந்த இடத்தைப் பிடித்தன.

இவ்வளவும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதிகாரிகள் எழுதியதால். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918-இல் வந்தது. இரண்டும் அருமையான நூல்கள். ஆனால் அவை வரி வாங்க வந்தவர்களின் பார்வையில் எழுந்தவை. இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஊர்வாரியாக வரலாறு எழுதும் பணி 1899-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. இம்மலையின் ஊர்களான வெள்ளக்கடைக்கும் நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் மாரமங்கலத்துக்கும் அப்படியொரு நூல் வேண்டும். கொத்துக்காட்டில் விதைத்தவர்களும் களத்தில் காப்பி புரட்டியவர்களும் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். காட்டின் பெயர், விதையின் பெயர், பாட்டு, கூலிக் கணக்கு எல்லாம் அவர்கள் நினைவில் உண்டு. படித்த இளைஞர்கள் இந்த ஆண்டுச் சேர்வராயன் திருவிழாவுக்கு வரும்போது குறிப்பேட்டோடு வந்து, தம் ஊர்ப் பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து எழுதத் தொடங்க வேண்டும்.