டீடூர்: ஒரு மலிவுப் படமும் அதை நம்பாத பார்வையாளர்களும்

டீடூர், 1945 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 68 நிமிடக் கறுப்பு-வெள்ளைப் படம். இயக்கியவர் எட்கர் ஜி. உல்மர். மார்ட்டின் கோல்ட்ஸ்மித் 1939இல் வெளியிட்ட தம் நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதினார். டாம் நீலும் ஆன் சாவேஜும் முக்கிய வேடங்களில் நடித்தனர். ஹாலிவுட்டின் சின்னஞ்சிறு ஸ்டுடியோக்களில் ஒன்றான பி.ஆர்.சி. இதைத் தயாரித்தது. காதலியைத் தேடி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் ஒருவன், வழியில் இரண்டு சாவுகளில் மாட்டிக்கொள்ளும் கதை இது. காதலும் திகிலும் கலந்த மலிவுப் படங்களில் இந்த அளவுக்குப் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்த படம் அரிது. ஒரு சாரார் இதை அவசரத்தில் எடுத்த ஒப்பேற்று வேலை என்கிறார்கள். மற்றவர்கள் நுவார் எனப்படும் இருண்ட குற்றப்பட வகையின் உச்சங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது. இந்தப் பிளவை ரசனை வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. கதையைச் சொல்கிறவனை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு பார்வையாளரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு விடையை வைத்துக்கொண்டுதான் படத்தின் குறைகளை எடை போடுகிறார்.

கதை சுருக்கமானது. ஆல் ராபர்ட்ஸ் நியூயார்க்கின் ஓர் இரவு விடுதியில் பியானோ வாசிப்பவன். அங்கே பாடும் சூ என்பவளை மணக்க விரும்புகிறான். அவளோ சினிமா வாய்ப்புத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் போய்விடுகிறாள். கையில் காசில்லாத ஆல், சாலையில் கார்களைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டு மேற்கே பயணப்படுகிறான். அரிசோனாவில் அவனை ஏற்றிக்கொள்ளும் ஹாஸ்கெல், மழை பெய்யும் ஓர் இரவில் காரிலேயே அசைவற்றுக் கிடக்கிறான். ஆல் கதவைத் திறந்ததும் ஹாஸ்கெல் கீழே விழுகிறான். தலை கல்லில் மோதுகிறது. பழி தன்மேல் விழும் என்று அஞ்சும் ஆல், உடலை மறைத்துவிட்டு அவன் காரையும் பணத்தையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வீரா என்ற பெண்ணை அவனாகவே வலியக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்கிறான். அவளோ ஹாஸ்கெலின் காரில் முன்பே பயணம் செய்தவள். அந்தக் கணத்திலிருந்து அவன் குடுமி அவள் கையில். லாஸ் ஏஞ்சலஸ் வாடகை வீட்டில், குடிவெறியில் நடந்த சண்டைக்குப் பிறகு, பூட்டிய கதவுக்கு அப்பால் தொலைபேசிக் கம்பி கழுத்தில் இறுகி அவளும் சாகிறாள். கம்பியை இப்பாலிருந்து இழுத்தவன் ஆல்.

படத்தைப் பற்றிய பேச்சில் முதலில் அடிபடுவது பணம். ஆறே நாளில் எடுத்த படம் என்று உல்மர் பிற்காலப் பேட்டியில் சொன்னார். செலவு 20,000 டாலர்தான் என்ற பேச்சும் நெடுங்காலம் உலவியது. ஆனால் 1945 ஜூன் 14 முதல் 29 வரை, படப்பிடிப்பு நாள்கள் 14 என்று குறித்த திரைக்கதைப் பிரதியின் முதல் பக்கத்தை அவர் மகள் பின்னர் ஓர் ஆவணப்படத்தில் காட்டினார். அதைவிடக் கூடுதல் நாள்கள் ஆனதாகவும், கலிஃபோர்னியாவின் லங்காஸ்டர் பாலைப் பகுதியில் தனியாக நான்கு நாள் வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்ததாகவும் ஆன் சாவேஜ் நினைவுகூர்ந்தார். திரைப்பட வரலாற்றாசிரியர் நோவா ஐசன்பெர்க் ஆராய்ந்தபோது செலவும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. பெரிய ஸ்டுடியோக்களின் கணக்கில் இது சில்லறைதான், பி.ஆர்.சி.க்குச் சில்லறையல்ல. ஆறு நாள் கதை இரு தரப்புக்குமே வசதியாக இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குறை சொல்பவர்கள் அதை அலட்சியத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள், புகழ்பவர்கள் அற்புதத்துக்கு. கதை நாயகனைப் போலவே இயக்குநரும் தம் வரலாற்றைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லும் பழக்கம் உள்ளவர் என்பது வேடிக்கையான பொருத்தம்.

உல்மர் திறமைக் குறைவால் சிறிய ஸ்டுடியோவில் ஒதுங்கியவரும் அல்லர். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் 1904இல் பிறந்து, ஜெர்மன் சினிமாவில் பயின்றவர் அவர். பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்றோருடன் 1930இல் வந்த ‘ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்’ படத்தில் பங்கேற்றார். 1934இல் யூனிவர்சலுக்காக எடுத்த ‘கறுப்புப் பூனை’ நன்றாக ஓடியது. ஆனால் அந்த ஸ்டுடியோ முதலாளியின் உறவினருடைய மனைவி ஷெர்லியைக் காதலித்து மணந்ததால் பெரிய ஸ்டுடியோக்களின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. பிறகு கிடைத்த பணத்தில் கிடைத்த படத்தை எடுத்தார். ஷெர்லியும் அவருடன் பணியாற்றினார். செட் போடக் காசில்லாத இடத்தில் நிழலும் ஒளியும் என்ன செய்யும் என்பது பெர்லினில் பயின்ற ஒருவருக்குத் தெரியாததல்ல.

குறைகள் என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவையும் அல்ல. நியூயார்க் தெருவில் ஆலும் சூவும் நடக்கும் காட்சியில் ஊரே தெரியவில்லை. மூடுபனியும் இடையிடையே தெருப் பெயர்ப் பலகைகளும்தான். காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நடையில்தான் சூ திருமணத்தைத் தள்ளிப்போடுகிறாள், அவனுக்கு அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாமல் போகிறது. பனி அங்கே செட்டின் வேலையோடு கதையின் வேலையையும் பார்க்கிறது. மாறாக, ஆல் மேற்கே போகும் சில காட்சிகளில் கார்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன, ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இது நடக்காது. பயணம் வலமிருந்து இடமாக, வரைபடத்தில் மேற்கு நோக்கிப் போவதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக நெகட்டிவைத் திருப்பிப் போட்டதாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும் அது பிழைதான். அதை நாயகனின் கலங்கிய மனத்தின் அடையாளம் என்று விளக்குபவர்கள் படத்துக்கு நல்லது செய்யவில்லை. எல்லாப் பிழையையும் கலையாக்கினால் எந்த மட்டமான படத்தையும் காவியமாக்கிவிடலாமே என்ற எதிர்த்தரப்பு ஆட்சேபம் இங்கே நியாயமானது. ஒரு குறை, கதை சொல்பவனின் நிலையோடு சேர்ந்து பொருள் தருகிறதா, இல்லை அதை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாதா என்று பார்க்க வேண்டும். பனியை எடுத்தால் காட்சி வெறுமையாகும். திருப்பிய நெகட்டிவைச் சரிசெய்தால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

இந்த உரைகல்லில் மிக நன்றாகத் தேறுவது வீரா இறந்த பின் வரும் காட்சி. கேமரா ஆலின் பார்வையாக அறையைச் சுற்றுகிறது. ஒவ்வொரு பொருளாகத் தெளிவடைந்து மீண்டும் மங்குகிறது. எல்லாமே அவனைக் காட்டிக்கொடுக்கப் போகும் தடயங்கள். இதற்குத் தேவைப்பட்டது ஒரு லென்ஸும் அதைத் திருப்பத் தெரிந்த ஒரு கையும் மட்டுமே. அதேபோல், தொடக்கத்தில் சாலையோர உணவகத்தில் ஆல் நினைவில் மூழ்கும்போது சுற்றுமுள்ள விளக்கு மங்கி, அவன் கண்களில் மட்டும் ஒளிப்பட்டை நிற்கிறது. இனி நாம் பார்க்கப்போவது அவன் தலைக்குள் இருப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டுமா?

காதல் படம் என்று எதிர்பார்த்து வருபவர்களின் ஏமாற்றம் வேறு விதமானது. சூ படத்தில் மிகக் கொஞ்சமே வருகிறாள். ஆல் தொலைதூர அழைப்பில் பேசும்போதும் அவன் குரல்தான் பொங்குகிறது, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கார் ஓட்டும்போது அவன் கற்பனையில் அவள் பாடுகிறாள், பின்னால் இசைக்கலைஞர்களின் பிரம்மாண்ட நிழல்கள். உயிருள்ள காதலி எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை மூலநாவலில் இருக்கிறது. கோல்ட்ஸ்மித்தின் புத்தகத்தில் கதையை இருவர் மாறி மாறிச் சொல்கிறார்கள்: ஒருவன் பயணத்தில் இருக்கும் நாயகன், மற்றொருத்தி ஹாலிவுட்டில் இருக்கும் சூ. அவள் பக்கம் கேட்டால் அவன் நினைத்திருக்கும் சூ வேறு, உண்மைச் சூ வேறு என்பது விளங்கும். படத்தில் அந்தப் பாதி முழுவதும் போய்விட்டது. பணமும் நேரமும் கருதித்தான் வெட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விளைவு என்னவோ ஒன்றுதான்: நடந்தவை அனைத்துக்கும் ஒரே சாட்சி ஆல். காதல் ஒல்லியாகத் தெரிவது, அவன் காதலிப்பது ஒரு பெண்ணை என்பதைவிடத் தனக்கு வர வேண்டிய ஓர் எதிர்காலத்தை என்பதால். அவளைச் சந்திக்காமலேயே படம் முடிவது இந்தக் கணக்குக்குப் பொருந்தியே வருகிறது.

ஆல் பொய் சொல்கிறானா என்பதே அடுத்த சண்டை. இரண்டு பேர் அவன் கையருகே சாகிறார்கள், இரண்டுக்கும் வேறு சாட்சியில்லை, இரண்டிலும் அவன் குற்றமற்றவன், இரண்டிலும் விதியே காரணம். திறனாய்வாளர் ஆண்ட்ரூ பிரிட்டன் போன்றோர் இந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்க முடியாது என்று வாதிட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. படம் அவன் சொல்வதற்கு எதிரான காட்சி எதையும் காட்டவில்லை, எனவே சந்தேகம் பார்வையாளர் தாமாகச் சேர்த்துக்கொண்டது, நம்ப முடியாத தற்செயல்கள் திரைக்கதையின் பலவீனமே தவிர நுட்பமல்ல என்பது அந்த மறுப்பு. ஆனால் சந்தேகத்தைப் படத்துக்குள் கொண்டுவருபவள் வீரா. ஹாஸ்கெல் எப்படிச் செத்தான் என்று அவன் சொல்வதை அவள் ஒரு கணமும் நம்புவதில்லை. கொலை என்றே முடிவுகட்டி நடத்துகிறாள். ஆலும் நம்மை நோக்கிப் பேசும்போது, நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கோபப்படுகிறான். தன் கதையின் ஓட்டைகள் அவனுக்கே தெரிகின்றன. அவன் கொலைகாரன் என்று இதனால் நிறுவப்பட்டுவிடாது. அந்த அளவுக்குப் போகிற வாசிப்புகள் ஆதாரத்தைத் தாண்டிவிடுகின்றன. படம் காட்டுவது அதைவிடச் சங்கடமான ஒன்று: ஒருவன் தனக்குச் சாதகமாகவே நினைவுகூர்கிறான், எவ்வளவு சாதகமாக என்று அளக்க நம்மிடம் கோல் இல்லை. டாம் நீல் 1965இல் தம் மனைவியின் சாவு தொடர்பாக, உள்நோக்கமில்லாக் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டதை இந்த வழக்கில் சாட்சியாக இழுப்பவர்களும் உண்டு. அது நடிகரின் வாழ்க்கை. இருபது ஆண்டு முந்தைய ஒரு பாத்திரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

நடிப்பைப் பற்றிய புகார்களில் பாதி நியாயம் உண்டு. நீலின் முகம் ஓயாத சிணுங்கலில் நிற்கிறது. சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட், 1998இல் படத்தை மாபெரும் படங்கள் வரிசையில் சேர்த்தபோதுகூட, நாயகனுக்கு முகம் சுளிக்கவும் நாயகிக்கு ஏளனிக்கவும் மட்டுமே வருகிறது என்ற பொருளில்தான் எழுதினார். அவர் குறைகளை மறைக்காமலே படத்தைப் போற்றியவர் என்பதால் அவர் சாட்சியத்துக்கு எடை அதிகம். ஆனால் ஆன் சாவேஜ் விஷயத்தில் அவர் கணக்கு குறைவு என்றே படுகிறது. காரில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் வீரா திடீரெனத் திரும்பி, உடலை எங்கே போட்டாய் என்று கேட்கும் இடத்தில் படமே கைமாறுகிறது. அதுவரை குரலும் கதையும் ஆலுடையவை. அதற்குப் பின் அவனால் அடக்க முடியாத ஒருத்தி அவன் கதைக்குள் நடமாடுகிறாள். வாடகை வீட்டில் இருமலுக்கும் குடிக்கும் நடுவே அவள் அவனை நெருங்க முயன்று, அவன் விலகியதும் மீண்டும் கடுகடுப்பாவதை ஒரே சுருதி என்று சொல்ல முடியாது. சாவேஜ் இந்த ஒரு வேடத்துக்காகவே நினைவில் நின்றார். 2007இல் கை மேடின் தம் ‘என் வினிபெக்’ படத்தில் அவரை நடிக்க வைத்ததற்கும் வீராதான் காரணம்.

பார்வையாளர்கள் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதும் முக்கியம். பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால் படம் பொதுச்சொத்தானது. பல பத்தாண்டுகள் தொலைக்காட்சியிலும் மலிவு வீடியோவிலும் தேய்ந்து கீறல் விழுந்த பிரின்ட்களே சுற்றின. பலர் பார்த்த இருட்டு, ஒளிப்பதிவாளர் வைத்த இருட்டே அல்ல. 2018இல் பெல்ஜியக் காப்பகத்தில் இருந்த, வசன எழுத்துகள் பதிந்த ஒரு பிரின்டையும் பிறவற்றையும் கொண்டு படம் சீரமைக்கப்பட்டது; பதிந்திருந்த எழுத்துகளைக் கணினியில் அழித்தார்கள். குறைகளில் எவை காலத்தால் வந்தவை, எவை பிறவிக் குறைகள் என்று பிரித்துக் காட்டும் சோதனையாக இது அமைந்தது. மங்கல், தாவும் வெட்டுகள், கரகரத்த ஒலி போன்ற புகார்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. இடப்பக்கம் ஓடும் கார்கள் அப்படியே இருக்கின்றன. கார் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் பின்திரைக் காட்சிகளின் செயற்கைத்தனம் இப்போது முன்னைவிடத் துல்லியமாகவே தெரிகிறது. படத்தைத் தெளிவாகப் பார்த்தால் எல்லோரும் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்த்த ரசிகர்களுக்கு இது முழு வெற்றியல்ல.

முடிவு பற்றியும் ஒத்த கருத்தில்லை. குற்றம் செய்தவன் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்பது அக்காலத் தணிக்கை விதி. அதனால் சாலையில் நடந்துபோகும் ஆலை ஒரு போலீஸ் கார் வந்து ஏற்றிக்கொள்வதாகப் படம் முடிகிறது. ஒட்டவைத்த முடிவு என்று இதைத் தள்ளுபவர்கள் சொல்வதில் வரலாற்று உண்மை உண்டு. ஆனால் அந்தக் காட்சியின் மேல் ஓடும் ஆலின் குரல், கைதை நடந்ததாகச் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் இப்படி ஒரு கார் வந்து நிற்கும் என்றுதான் சொல்கிறது. திரையில் காண்பது நிகழ்ச்சியா அவன் அச்சமா என்று படம் பிரித்துக் காட்டுவதில்லை. தணிக்கையாளருக்குக் கைது கிடைத்தது. பார்வையாளருக்கு, அதுவரை கேட்ட அதே சாட்சியின் இன்னொரு வாக்குமூலம் மட்டுமே கிடைக்கிறது.