எல்லாரும் ‘சீனாக்காரர்’ இல்லை: சிறுபிள்ளைகளுக்குக் கிழக்காசியாவை எப்படிச் சொல்வது?

கடந்த ஆண்டு கொழும்பில் ஒரு கடை வாசலில், முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து என் ஐந்து வயது மகள் கண்களை இரு விரல்களால் இழுத்து, “சிங் சொங்” என்றாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சீனரா, கொரியரா, ஜப்பானியரா என்பது எனக்கும் தெரியாது. மகள் அதைப் பழகியது கைபேசிக் காணொளி ஒன்றிலிருந்து. நாங்கள் குடும்பமாக இருந்து பார்த்துச் சிரித்த காணொளி அது. நானும் சிரித்திருந்தேன்.

அதன்பின் வீட்டில் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். முதலில், ‘கிழக்காசியா’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பிள்ளைக்கு வித்தியாசங்கள்தான் சுவாரசியம்.

சாப்பாட்டுக் குச்சியையே எடுங்கள். சீனாவில் அது நீளம், முனை மழுங்கல். ஜப்பானில் குட்டை, முனை கூர். கொரியாவில் பெரும்பாலும் உலோகக் குச்சி, சோற்றுக்குக் கரண்டி. ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பது மரியாதை, கொரியாவில் மேசையில் வைத்து உண்பதே மரியாதை. சோற்றில் குச்சியை நட்டுவைப்பது மட்டும் மூன்று இடத்திலும் ஆகாது. இறந்தவருக்குப் படைப்பதை அது நினைவூட்டும். இடக்கையால் பரிமாறினால் அம்மம்மா ஏசுவாரே, அதுபோல என்றதும் மகளுக்கு விளங்கிவிட்டது.

புத்தாண்டு இன்னும் இலகு. சீனாவிலும் கொரியாவிலும் அது சந்திர நாட்காட்டிப்படி ஜனவரி பிற்பகுதியிலோ பெப்ரவரியிலோ வரும். ஜப்பான் 1873 முதல் ஜனவரி 1ஐக் கொண்டாடுகிறது. சீனாவில் சிவப்பு உறையில் பணம். கொரியாவில் பெரியவர்களை விழுந்து வணங்கினால் பணம். “அம்மா, கைவிசேடம் மாதிரியோ?” என்றாள். அதே மாதிரித்தான்.

எங்கள் வீட்டில் அதிகம் எடுபட்டது எழுத்து. கொரிய எழுத்தை 1443இல் மன்னர் செஜொங் உருவாக்கினார். 1446இல் அது வெளியிடப்பட்டது. மெய்யெழுத்துகள் வாயையும் நாக்கையும் பார்த்து வரையப்பட்டவை. ‘ம்’ என்பது வாயின் வடிவில் ஒரு சின்னச் சதுரம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக எழுதப்படுவதால், உயிர்மெய் படிக்கும் பிள்ளைக்கு அது புதிதல்ல. ஒரு பின்னேரத்தில் மகள் தன் பெயரை எழுதிவிட்டாள். கொரியப் பிள்ளைகளும் தகப்பனை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதைச் சொல்லுங்கள், ஆனால் கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்ற வட்ஸ்அப் கதையைச் சேர்க்காதீர்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்றதில்லை. ‘ம’வும் ‘ப’வும் குழந்தையின் உதட்டுக்கு இலகுவான ஒலிகள் என்பதால் பல மொழிகளில் இந்த ஒற்றுமை உண்டு.

சீன எழுத்தில் ஒரு மரம் என்றால் மரம். இரண்டு மரம் பக்கத்தில் நின்றால் தோப்பு. மூன்று நின்றால் காடு. ஜப்பானியரும் இவற்றை எழுதுவார்கள், வேறு ஒலியில் வாசிப்பார்கள். சுவரெல்லாம் மரம் கீறிய பிறகே எங்கள் வீட்டில் இந்தப் பாடம் முடிந்தது.

கொழும்பில் இருப்பவர்கள் பிள்ளைகளைத் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடலோடி செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல். சீன வரிகள் புத்தரையும், தமிழ் வரிகள் தெனாவரை நாயனாரையும், பாரசீக வரிகள் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. மகள் சீன வரிகளுக்குள் மரத்தைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.